அந்த 90 வேறு, இந்த 40 வேறு

கேள்வி: எங்கள் ஏற்காடு வீட்டு ஜன்னலில் மணி பிளான்ட் வைத்திருக்கும் பழைய ஜாக் டேனியல்ஸ் விஸ்கி பாட்டிலில் '90 ப்ரூஃப்' என்று போட்டிருக்கிறது. போன மாதம் மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அதே கறுப்பு லேபிள் பாட்டிலில் 40 சதவீதம்தான். பாதிக்கும் கீழே இறக்கிவிட்டார்களா, இல்லை இது போலிச் சரக்கா?

பதில்: 40 என்று இருப்பதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. உங்கள் கணக்கில்தான் பிசகு. அமெரிக்காவில் ப்ரூஃப் என்றால் ஆல்கஹால் சதவீதத்தைப் போல இரண்டு மடங்கு. அப்படியானால் உங்கள் பழைய பாட்டில் 45 சதவீதம். 1987-ல் அதை 43 ஆக்கினார்கள், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 40. ஒரு 750 மில்லி பாட்டிலில் 337 மில்லி ஆல்கஹால் இருந்த இடத்தில் இப்போது 300, மீதிக்குத் தண்ணீர்.

குறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. சத்தமில்லாமல் குறைத்தார்களே, அதுதான் கோபம். பெயர் அதே, கறுப்பு லேபிள் அதே, பொடி எழுத்தில் ஓர் எண் மட்டும் மாறியது. மேக்கர்ஸ் மார்க் என்ற இன்னொரு அமெரிக்க விஸ்கி கம்பெனி 2013 பிப்ரவரியில் 45-ஐ 42 ஆக்கப்போகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னது, குடிப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள், ஒரே வாரத்தில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். சொன்னால்தானே சண்டை போட முடியும்?

நம்மூர் லேபிளில் 42.8 என்று இருப்பது பழைய பிரிட்டிஷ் அளவு. அவர்களுக்கு 57.1 சதவீதம்தான் 100 ப்ரூஃப், அதில் முக்கால் பங்கு நம்முடையது. அதாவது நம் 75 ப்ரூஃப், அமெரிக்காவின் 80 ப்ரூஃபைவிட ஸ்ட்ராங். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1-ல், ராஜாஜி கொண்டுவந்தது. அன்றிலிருந்து கடை வேண்டுமா வேண்டாமா என்று பேசுகிறோம், பாட்டிலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

லிக்யூர் எனப்படும் இனிப்பு மது வகைகளில் இன்னும் ஏமாந்துபோவோம். பெய்லிஸ் 17 சதவீதம். குவான்த்ரோவும் இனிப்புதான், ஆரஞ்சு வாசனை வேறு, ஆனால் 40 சதவீதம், உங்கள் மாப்பிள்ளை கொண்டுவந்த விஸ்கிக்குச் சமம். நாக்கை நம்பி ஊற்றாதீர்கள்.

அப்புறம், 40-தானே என்று ஒரு பெக் கூடப் போட்டுவிட்டு வண்டியை எடுக்கவே வேண்டாம். கீழே சேலம் வரை 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.