அச்சார் 12 வகை ஆனால் வருமானம் கூடுமா?

கேள்வி: மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் வீட்டிலேயே அச்சார் (ஊறுகாய்) போட்டு விற்கிறேன். காய்கறி, மாங்காய், பிலிம்பி, மிளகாய் என 4 வகை. ரெதுயி பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும் மகள், "வகை கூடினால்தான் வளர்ச்சி என்று பாடத்திலேயே இருக்கிறது, 12 வகை போடுங்கள் அம்மா" என்கிறாள். போடலாமா?

பதில்: மகள் படித்தது சரிதான், அம்மா. ஆனால் பாடத்தில் வரும் வகை வேறு, உங்கள் அலமாரியில் ஏறப்போகும் வகை வேறு.

அமெரிக்கப் பொருளியலாளர் பால் ரோமர் 1990-ல் எழுதிய வளர்ச்சிக் கோட்பாட்டில் பெருகுவது கடைச் சரக்கு அல்ல. உற்பத்திக்கு உதவும் புதுப்புது இயந்திரங்கள், அவற்றுக்குப் பின்னால் உள்ள யோசனைகள். ஒரு கிலோ கடுகை நீங்கள் அரைத்துவிட்டால் அடுத்தவருக்கு அது இல்லை. காய் நொறுநொறுவென்று இருக்க வினிகர் எவ்வளவு விடவேண்டும் என்கிற பக்குவமோ ஆயிரம் பேர் கையாண்டாலும் தேயாது. கண்டுபிடிக்கும் செலவும் ஒருமுறைதான். இந்த ஆய்வுக்குத்தான் 2018-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. நம் மொரீஷியஸையே அவர் உதாரணம் காட்டியிருக்கிறார். 1970-ல், ஏற்றுமதி ஆலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. ஹாங்காங் முதலாளிகள் பணத்தோடு தையல் தொழிலின் சூட்சுமத்தையும் கொண்டுவந்தார்கள். கரும்பை நம்பியிருந்த தீவு சட்டையும் ஸ்வெட்டரும் கப்பலேற்றியது.

சரி, உங்கள் அடுப்படிக்கு வருவோம். புது வகை ஒன்றுக்கு, சோதனையில் வீணாகும் காய், லேபிள், அதற்கென வாங்கும் ஜாடி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜாடிக்கு 40 ரூபாய் லாபம் நின்றால் 300 ஜாடியில் போட்ட காசு வந்துவிடும் என்று தோன்றும். வாங்குபவர்களில் மூன்றில் இரண்டு பேர் இதுவரை உங்கள் காய்கறி அச்சார் வாங்கியவர்கள் என்றால்? அவர்களால் கூடுதல் லாபம் இல்லை, மூன்றில் ஒரு ஜாடிதான் புது வரவு. அப்போது 900 ஜாடி விற்றாக வேண்டும். என் வீட்டு ஃபிரிட்ஜில் பாதி தீர்ந்த ஜாடிகள் மூன்று நிற்கின்றன. நான்காவது வாங்கினால் வீட்டில் திட்டு விழும்.

அதனால் எட்டு வகை கூட்ட வேண்டாம். ஒன்றே ஒன்று போடுங்கள், இன்று உங்களிடம் வாங்காதவருக்காக. காரம் தாங்காதவர்கள், ஊருக்குத் திரும்பும் சுற்றுலாப் பயணிகள் இப்படி. மிச்சப் பணத்தில், மழை மாதங்களில் வெயிலை நம்பாமல் காய் உலர்த்த ஒரு வழி பாருங்கள். அந்த ஒரு செலவு 4 வகைக்கும் உதவும். ரோமர் சொல்லும் புதுமைக்கு இதுதான் பக்கத்தில் வருகிறது.

அப்புறம், புது ஜாடி விற்கும்போதெல்லாம் "முன்பு எது வாங்குவீர்கள்?" என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துக் கணக்கை மகள் போடட்டும்.