கெரட்டின் சிகிச்சை செய்துகொள்ளலாமா?

கேள்வி: சுருள்முடியை நேராக்க, ‘ஃபார்மால்டிஹைடு இல்லாதது’ என்று கூறி ஒரு கெரட்டின் சிகிச்சையை அழகு நிலையத்தில் பரிந்துரைக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: சிக்கு குறைந்து, சில மாதங்களுக்குக் கூந்தல் பளபளப்பாகப் படியும் என்பது உண்மைதான். ஆனால், இவ்வகைப் பூச்சுகள் பலவற்றிலிருந்து, சூடான கருவியால் முடியை அழுத்தி இழுக்கும்போது வெளியாகும் ஃபார்மால்டிஹைடு ஆவி, கண்ணையும் தொண்டையையும் எரியச் செய்வதோடு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையால் 2004-இல் புற்றுநோய்க் காரணியாகவும் வகைப்படுத்தப்பட்டது; அன்றாடம் அதைச் சுவாசிக்கும் ஊழியர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. புட்டியில் ‘மெத்திலின் கிளைகால்’ என்றிருந்தால், பெயர்தான் வேறு, விளைவு அதுவே. மாற்றாக வரும் கிளையாக்சிலிக் அமிலமோ, சிலருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பை உண்டாக்கியதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. ஆகவே, மூலப்பொருள் பட்டியலை நீங்களே படித்துப் பார்க்காமல் நாற்காலியில் அமர வேண்டாம். கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது.