எல்லாரும் தலையாட்டிய பிறகு

வணக்கம் ஐயா,

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். விவசாயி வீட்டிலிருந்தே போன் மூலம் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டரைக் கொண்டுவரப் போகிறோம். எலக்ட்ரானிக்ஸ், சாஃப்ட்வேர், விற்பனை, சர்வீஸ் என்று எல்லாரையும் உட்காரவைத்து இரண்டு நாள் ஒர்க்ஷாப் நடத்தினேன். சுவர் முழுக்க ஸ்டிக்கி நோட். கடைசியில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், சாஃப்ட்வேர்காரர்கள் ஸ்மார்ட்போனுக்கு ஆப் செய்துகொண்டிருக்கிறார்கள். விற்பனைக்காரர்களோ டீலர்களிடம் ‘பட்டன் போனில் மிஸ்டு கால் கொடுத்தாலே ஓடும்’ என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு ஒர்க்ஷாப் நடத்தச் சொல்கிறார் எம்.டி., இந்த முறை ஊட்டியில். எதை மாற்றுவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

‘விவசாயி இருந்த இடத்திலிருந்தே மோட்டாரை இயக்கலாம்’ என்று யாராவது போர்டில் எழுதியிருப்பார்கள். அதை யார் மறுப்பார்கள்? எந்தப் போன், யாருடைய சிம், ரீசார்ஜ் யார் பொறுப்பு, மும்முனை கரண்ட் ராத்திரி வந்தால் தானாக ஓட வேண்டுமா என்று கேட்டிருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும். அந்தச் சண்டைக்காகத்தான் கூடுகிறோம். சண்டையே வராத ஒர்க்ஷாப்பை நான் நம்புவதில்லை.

முதல் மாற்றம், பேசுவதற்கு முன் எழுதவிடுங்கள். கூடிப் பேசினால் யோசனை பெருகும் என்று பிரபலப்படுத்தியவர் அமெரிக்க விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்பர்ன். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தார்கள். நாலு பேர் சேர்ந்து யோசித்ததைவிட, தனித்தனியாக யோசித்த நாலு பேரின் யோசனைகளைத் தொகுத்தபோது ஏறக்குறைய இரு மடங்கு கிடைத்தது. முக்கியக் காரணத்தை 1987இல் டீல், ஷ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கிறவருக்கு வந்த யோசனை மறந்துபோகிறது, அல்லது சொல்லத் தோன்றாமல் போகிறது. நம் ஊரில் இதோடு எம்.டி. முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கமும் சேர்ந்துகொள்ளும்.

கூகுளின் முதலீட்டுப் பிரிவாகத் தொடங்கிய கூகுள் வென்ச்சர்ஸில் ஜேக் நாப் வடிவமைத்த ஐந்து நாள் ‘ஸ்பிரிண்ட்’ முறையில் அவரவர் தனியாக வரைகிறார்கள். பெயர் போடாமல் ஒட்டுகிறார்கள். பேசாமல் புள்ளி வைத்து வாக்களிக்கிறார்கள். ஆனால் கடைசி முடிவு ஒரே ஒருவருடையது, அவர் யாரென்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒருவர் தென்படவில்லை. எம்.டி.தான் என்றால் அவர் முழுக்க உட்காரட்டும், கடைசியில் பேசட்டும். முடியாதென்றால் அதிகாரத்தை எல்லார் முன்னாலும் உங்களிடம் கொடுக்கட்டும். அரை மணி நேரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போய், மறுநாள் போனில் முடிவை மாற்றுவது மட்டும் கூடாது. (இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.)

அப்புறம் என்ன எழுதச் சொல்வது? அமேசானில் பொருளைச் செய்வதற்கு முன்பே அதன் அறிமுக அறிக்கையை எழுதுவார்கள். நீங்கள் டீலர் கடையில் ஒட்டும் நோட்டீஸை எழுதச் சொல்லுங்கள். தமிழில், ஒரே பக்கம்: விலை, எந்தப் போனில் வேலை செய்யும், வாரண்டி. ஆளுக்கொன்று எழுதி அருகருகே ஒட்டினால், ஆப்பும் மிஸ்டு காலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே மோதிக்கொள்ளும்.

ஒர்க்ஷாப்பில் சர்வீஸ் ஆட்கள் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வாய் திறந்திருக்க மாட்டார்கள் என்று ஊகிக்கிறேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆவது, மும்முனையில் ஒரு முனை கரண்ட் வராமல் மோட்டார் கருகுவது, கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் வெறுமனே ஓடுவது, சிம் ரீசார்ஜ் தீர்ந்துபோய் ‘மெஷின் ரிப்பேர்’ என்று கூப்பிடுவது எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் எழுதிய ஒரு வழி இருக்கிறது. ‘பொருள் வெளிவந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, படுதோல்வி. காரணம் எழுதுங்கள்’ என்று எல்லாரிடமும் தாள் கொடுப்பது. குறை சொல்வதே வேலை என்றாகிவிட்டால் சங்கடம் போய்விடும். அந்தத் தாள்களில் சர்வீஸ்காரர்கள் எழுதியதை முதலில் படியுங்கள்.

முடிவில் ஸ்டிக்கி நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுவதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் போட்டோவை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. முதல் மாடலில் எதெல்லாம் இருக்காது என்ற பட்டியல் ஒன்று வேண்டும். அதை விற்பனைத் தலைவர் தன் கையாலேயே எழுதட்டும்.

ஊட்டி வேண்டாம். திரும்பி வந்த கருகிய ஸ்டார்ட்டர்கள் கிடக்கும் உங்கள் சர்வீஸ் அறையிலேயே நாற்காலி போடுங்கள். எம்.டி. ஊட்டிதான் என்று பிடிவாதமாக இருந்தால், அந்தக் கருகிய பெட்டிகளில் நாலைந்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.