பார்வோ தாக்கிய என் நாய்க்குக் கார்டிசாலும் சிஆர்பியும் மிக அதிகம் என்கிறார்கள். கார்டிசாலைக் குறைக்க மருந்து கொடுக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து அப்படி எதையும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் நாயை இப்போது தாங்கிப் பிடித்திருப்பவற்றில் கார்டிசால் என்ற அந்த மன அழுத்த ஹார்மோனும் ஒன்று. கால்நடை மருத்துவராக இதை உறுதியாகவே சொல்கிறேன்.

பார்வோ வைரஸ் குடலின் உட்படலத்தைச் சிதைக்கிறது, எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. அரண் உடைந்ததும் குடலில் இருந்த பாக்டீரியாக்கள் இரத்தத்தில் நுழைகின்றன. உடனே எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன்கள் என்னும் சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. அவை கல்லீரலைத் தூண்டுவதால் அழற்சியைக் காட்டும் புரதமான சிஆர்பி ஏறுகிறது. மூளையையும் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் தூண்டுவதால் அட்ரினல் சுரப்பி கார்டிசாலைக் கொட்டுகிறது. இரண்டுக்கும் மூலம் ஒரே அழற்சிதான். கார்டிசாலோ அந்த அழற்சி எல்லை மீறாமல் தடுக்கிறது, இரத்த அழுத்தம் சரியாமல் காக்கிறது, சர்க்கரை அளவையும் தாங்குகிறது.

பார்வோவில் இறந்த நாய்களுக்கு, பிழைத்தவற்றைவிடச் சிகிச்சையின் முதல் 2 நாட்களில் கார்டிசால் அதிகமாக இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதைப் படித்துவிட்டுப் பலர் பயந்துபோகிறார்கள். அது நோயின் கடுமையைத்தான் காட்டுகிறது. கார்டிசால்தான் கொன்றது என்று பொருளில்லை.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது இதற்கு நேர்மாறான நிலை. செப்சிஸ், அதாவது தொற்றால் உடல் முழுதும் பாதிக்கப்படும் நிலை, முற்றிய சில நாய்களில் அட்ரினல் போதிய அளவு சுரப்பதில்லை. நரம்பு வழியாகத் திரவமும் மருந்தும் கொடுத்தும் இரத்த அழுத்தம் ஏறாது. அப்போது மருத்துவர் குறைந்த அளவில் ஹைட்ரோகார்டிசோன் (மருந்து வடிவிலான கார்டிசால்) கொடுத்துப் பார்ப்பதுண்டு. அதற்காக வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடக் கூடாது. அதை வலி மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையில் புண் வந்து ஓட்டையே விழலாம்.

இன்னொன்று: வாந்தி, இரத்தப்பேதி என்று பார்வோவைப் போலவே, அட்ரினல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோயும் வரும். அதில் கார்டிசால் மிகக் குறைவாக இருக்கும். கடுமையாக நோயுற்ற நாயின் இரத்த அறிக்கையில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் குறையாமல் இருந்தால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். உங்கள் நாய்க்குக் கார்டிசால் உயர்ந்திருப்பதால் அந்தக் கவலை இல்லை.

சிஆர்பியை ஒருமுறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஆரோக்கியமான நாயில் பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கும் அது, ஒரே நாளில் பல மடங்கு ஏறிவிடும்; அழற்சி தணிந்தால் சில நாட்களில் இறங்கும். அடுத்தடுத்த அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, வலிக்கு மருந்து போகிறதா, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பொட்டாசியமும் பார்க்கப்படுகின்றனவா, மூக்குக் குழாய் வழியாக உணவை எப்போது தொடங்குவார்கள் என்றும் கேளுங்கள். உணவைச் சீக்கிரம் தொடங்கிய பார்வோ நாய்கள் விரைவில் தேறியிருக்கின்றன.

வலியும் பயமும் கார்டிசாலை மேலும் ஏற்றும். அவற்றைக் குறைப்பது பாதுகாப்பானது, அவசியமானதும்கூட. அமைதியான கூண்டு வேண்டும், மங்கிய வெளிச்சம் போதும். பார்க்க அனுமதித்தால் ஒருவர் மட்டும் போய், தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வாருங்கள்.