வானம் இருட்டினால் பை அலமாரி மேலே போகிறது

கேள்வி: கோலாலம்பூர் செகாம்புட்டில் தரை வீட்டில் குடியிருக்கிறோம். போன மாதம் ஒரு மாலை பெய்த மழையில் அரை மணி நேரத்துக்குள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கணவர் ஜாலான் கூச்சிங் நெரிசலில் மாட்டிக்கொண்டார். வீட்டில் நான், மாமியார், எட்டு வயது மகள் மட்டும்தான். வாசலில் நின்ற காடியும் போச்சு. இப்போது வானம் இருட்டினாலே மகள் புத்தகப்பையை அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டு என்னை ஒட்டிக்கொள்கிறாள். ராவாங் பக்கம் மாறிவிடலாம் என்றால் கணவர், "அதான் ஸ்மார்ட் சுரங்கம் இருக்கே" என்கிறார். மாமியார், "உன் மாமா வாங்கின வீடு" என்று அழுகிறார். நான் கேட்பது தப்பா?
– பெயர் வேண்டாம், செகாம்புட்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் "அவர் அன்று வீட்டில் இல்லை" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். காடியைப் பற்றிச் சொல்லும்போதுகூட அது வந்து விழுகிறது. ராவாங்கை விட அதுதான் என் கண்ணில் பட்டது.

அந்த அரை மணி நேரத்தை அவரிடம் முழுசாகச் சொன்னீர்களா? மகளை மேசை மேல் ஏற்றியது, சாமிப் படத்தை விடமாட்டேன் என்று நின்ற அத்தையை இழுத்தது, எல்லாவற்றையும்? சண்டை போடும்போது இல்லை, ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. அவரும் நகராத நெரிசலில் உட்கார்ந்து உங்களுக்கு எத்தனை முறை போன் அடித்தாரோ. அதையும் கேளுங்கள். இதைப் பேசாமல் வீடு மாறினால் கோபமும் லோரியில் ஏறி ராவாங் வந்துவிடும்.

சரி, சுரங்கத்துக்கு வருவோம். 2007-இல் திறந்த, 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் கிள்ளான் ஆற்று வெள்ளத்தைத் திருப்பிவிட்டு, மஸ்ஜித் ஜாமேக் பக்கம் நகர் நடுவைக் காப்பாற்றக் கட்டியது. உங்கள் பக்கத்துத் தண்ணீர் பத்து ஆற்றுக்குப் போகிறது. வீட்டுப் பின்னால் இருக்கும் சாக்கடையில் பிளாஸ்டிக் அடைத்திருந்தால் எந்தச் சுரங்கமும் அதை எடுத்துவிடாது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

மாறுவதைப் பற்றி இன்றைக்கே முடிவு வேண்டாம். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் இங்கே மாலை இடிமழை அதிகம். அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுக் கிராண்ட் (உரிமைப் பத்திரம்) எல்லாம் ஒரே நெகிழிப் பையில், உயரமான இடத்தில். தண்ணீர் வாசல்படி ஏறுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அடைக்க அத்தைக்கும் தெரிந்திருக்கட்டும். தண்ணீர் ஏறிவிட்டால், ஈரக்காலோடு யாரும் அதன் பக்கம் போகக் கூடாது. நனைந்த ஐஸ்பெட்டியை வயர்மேன் பார்க்காமல் போடாதீர்கள். சேறு கழுவும்போது பூட்ஸ் கட்டாயம். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக்கூட வரும்.

காடிக் காப்புறுதி வெள்ளத்துக்குப் பணம் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக் காப்புறுதியிலும் வெள்ளம் தானாகச் சேராது, 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்று தனியாகச் சேர்க்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் காடி மூழ்கிய பிறகுதான் அந்தப் பெயரையே கேள்விப்படுகிறோம். நானும் அந்தப் பாதிதான்.

ராவாங்கில் வீடு பார்க்கிறதென்றால், ஏஜெண்டை விட்டுவிட்டுப் பக்கத்து ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் குடியுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரைக் காட்டியே சொல்வார்கள். அத்தையையும் கூட அழைத்துப் போங்கள். மாமா வாங்கிய வீட்டைப் பற்றி வழியெல்லாம் பேசட்டும், குறுக்கே பேசாதீர்கள்.

மகளிடம், "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். ஆனதை அவள் பார்த்துவிட்டாள். போனில் இன்ஃபோ பஞ்சிர் என்ற அரசாங்க வெள்ளத் தகவல் பக்கத்தைத் திறந்து ஆற்று மட்டத்தைக் காட்டுங்கள். எப்போது பயப்பட வேண்டும், எப்போது தூங்கலாம் என்று அவளுக்கே தெரியும். இரண்டு மாதமாகியும் ராத்திரியில் அலறி எழுந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். புத்தகப்பையை மேலே வைப்பதை மட்டும் தடுக்க வேண்டாம். கூடவே பாட்டியின் மருந்து டப்பாவையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.