குழந்தையின் திடீர் மரணம்: இங்கிலாந்து நடைமுறை பற்றிய கேள்வி பதில்

செவிலியர், லண்டன்: டாக்டர், வீட்டில் இறந்த குழந்தையை நேரே பிணவறைக்கு அனுப்பாமல் ஏன் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறோம்?

மாதிரிகளுக்காக. மரணம் உறுதியானதும் ரத்தம், தண்டுவட நீர், சிறுநீர், மூக்குச் சளி, சிறு தோல் துண்டு ஆகியவற்றை கரோனரின் (காரணம் தெரியாத மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) இசைவோடு எடுக்கிறோம். தாமதித்தால் கிருமிகள் பெருகி, எது நோய் எது அழுகல் என்று பிரிக்க முடியாது. ரத்தம் வரவில்லையென்று இதயத்தில் திரும்பத் திரும்ப ஊசி போடாதீர்கள். நெஞ்சுக்குள் உண்டாகும் காயம் பிரேதப் பரிசோதனையைக் குழப்பும். ஊசி போட்ட ஒவ்வோர் இடத்தையும் உடல் வரைபடத்தில் குறியுங்கள். மூக்கோரம் இளஞ்சிவப்பு நுரை இருந்தால் 'இளஞ்சிவப்பு நுரை' என்றே எழுதுங்கள். கண்டதை எழுதுங்கள், காரணத்தை எழுதாதீர்கள்.

தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசகர், ஹாரோ: பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போலீஸ் வருவதே பழி சுமத்துவதுதானே?

போலீஸ் தனியாக வந்தால் அப்படித்தான் தோன்றும். அதனால்தான் குழந்தை மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ உடன் போகிறார். கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். குழந்தை எங்கே, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது, கண்டபோது போர்வை முகத்தில் இருந்ததா, அறையின் சூடு என்ன, கடைசியாகப் பால் குடித்தது எப்போது, பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள் என்று பெற்றோர் காட்டக் காட்டக் குறிக்கிறார்கள். படுக்கைத் துணியை வழக்கமாக அள்ளிக்கொண்டு போகத் தேவையில்லை. சீருடையையும் தவிர்க்கலாம்.

அதே வாசகர்: மருத்துவர் தனியாகப் போனால் போதாதா?

போதாது. சாலி கிளார்க் வழக்கைப் பாருங்கள். இரண்டு ஆண் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய். 1999-இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு. வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 'ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒன்று' என்று நீதிமன்றத்தில் சொன்னது ஒரு மருத்துவ நிபுணர். ஒரே குடும்பத்தில் மரபணுவும் சூழலும் பொது என்பதால் அந்தப் பெருக்கலே தவறு. இரண்டாம் குழந்தையின் நுண்ணுயிர்ப் பரிசோதனை முடிவுகள் தாயின் வழக்கறிஞர்களுக்குத் தரப்படவே இல்லை. அவை வெளிவந்த பிறகுதான் 2003-இல் விடுதலை. மறு ஆண்டே வழக்கறிஞர் ஹெலனா கென்னடி தலைமையிலான குழு, காவல்துறையும் மருத்துவமும் முதல் நாளிலிருந்தே தகவலைப் பகிர வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. மருத்துவர் மட்டும் போனால் அடித்துக் கொல்லப்பட்ட குழந்தைக்கு நீதி தவறும். போலீஸ் மட்டும் போனால் நோயில் இறந்த குழந்தையின் தாய் சிறைக்குப் போவாள்.

பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று மறுக்கலாமா? (நான்கு பேர்)

நால்வருக்கும் ஒரே பதில்: கரோனர் உத்தரவிட்டால் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. கைக்குழந்தைக்கு ஸ்கேன் மட்டும் போதாது. இறுதிச் சடங்கு எப்போது வேண்டும் என்பதை முதல் நாளே கரோனர் அலுவலரிடம் சொல்லுங்கள். ஊழியர்களே, தேதி வாக்குக் கொடுக்காதீர்கள்.

மதுரையில் நடைமுறை என்ன?

என் துறை இல்லை. அங்குள்ள சட்ட மருத்துவப் பேராசிரியரைக் கேளுங்கள்.

'தொட்டில் மரணம்' (காரணம் தெரியாமல் கைக்குழந்தை திடீரென இறப்பது) என்று பெற்றோரிடம் சொல்லி ஆறுதல்படுத்தலாமா?

மறுபடியும் சொல்கிறேன்: முடிவுகள் வரும்முன் காரணம் சொல்லாதீர்கள். "இன்னும் தெரியவில்லை, தெரிந்ததும் நானே வந்து சொல்கிறேன்" என்று சொல்லி, உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.