ராணுவ உளவுப் பட்டாலியனில் சேர விரும்பும் மகன்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

தம்பி அமெரிக்க ராணுவத்தின் உளவுப் பிரிவில் சேர ஆசைப்படுகிறான், உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். மாறுவேடம், துப்பாக்கி என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். வேலையின் பெரும்பகுதி படிப்பதும், ஒப்பிட்டுப் பார்ப்பதும், அறிக்கை எழுதுவதும்தான். ஆனால் போர்முனைக்கே அனுப்ப மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஓர் உண்மையான பட்டாலியனைச் சொல்கிறேன். வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்தில் இருக்கும் 519ஆவது ராணுவ உளவுப் பட்டாலியன், அதாவது உளவு வேலைக்கான படைப்பிரிவு. வியட்நாம் போரின்போது இது சைகோனில் இருந்தது. கைப்பற்றிய ஆவணங்களை மொழிபெயர்ப்பது, கைதிகளை விசாரிப்பது, வரும் தகவல்களைக் கோத்துத் தளபதிக்குக் கொடுப்பது இதெல்லாம்தான் அதன் ஆட்கள் செய்த வேலை. இன்றும் இத்தகைய பட்டாலியனின் அடிப்படை வேலை இதுதான், கருவிகள்தான் மாறியிருக்கின்றன.

இதே பட்டாலியனின் இன்னொரு பக்கத்தையும் தம்பி படிக்க வேண்டும். 2002 டிசம்பரில், ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்க ராணுவத்தின் பாக்ராம் தளத்தில், ஹபிபுல்லா, டிலாவர் என்ற இரண்டு கைதிகள் அடிபட்டு இறந்தார்கள். டிலாவர் டாக்ஸி ஓட்டியவர். அடித்ததில் பெரும்பங்கு ராணுவக் காவலர்களுடையது என்றாலும், அங்கே விசாரணையை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் 519ஐச் சேர்ந்தவர்கள். பிறர் கையால் நேர்ந்த மரணம் என்று ராணுவ மருத்துவர்களே பதிவு செய்தார்கள். அந்த விசாரணையாளர்களில் சிலர் அடுத்த ஆண்டு ஈராக்கின் அபு கிரைப் சிறைக்கும் போனார்கள். அந்தச் சிறையில் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் வெளிவந்து உலகத்தையே அதிர வைத்தபிறகு, 2005 இறுதியில் கைதிகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2006 செப்டம்பரில் புதிய விசாரணைக் கையேடும் வந்தது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விசாரணையாளர் வேலைக்கு மொழியறிவும் பொறுமையும் இருந்தால் போதாது. சுற்றியிருக்கும் எல்லோரும் செய்யும்போது "இது சட்டத்துக்கு விரோதம், நான் செய்ய மாட்டேன்" என்று சொல்லவும் தெரிய வேண்டும். பத்தொன்பது, இருபது வயதில் அது லேசு இல்லை. தம்பி எதிர்த்துப் பேசும் பையன் என்று குறைப்பட்டிருந்தீர்களே, அதை நான் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ராணுவத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. தகவல்களை அலசும் பகுப்பாய்வாளர் வேலை 35எஃப். ஆட்களிடம் பேசித் தகவல் எடுப்பது 35எம். இரண்டுக்கும் பயிற்சி அரிசோனாவின் ஃபோர்ட் ஹுவாசுகாவில். மொழிப்பயிற்சி என்றால் கலிபோர்னியாவின் மான்டரே. அரபு, சீனம், கொரியன் போன்ற கடினமான மொழிகளுக்கு 64 வாரம் ஆகும். என் கணக்கில் தம்பிக்குப் பொருந்துவது 35எஃப். கணிதமும் எழுத்தும் அவனுக்கு நன்றாக வருகின்றன.

இந்த வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை அவசியம். ரகசியத் தகவல்களைப் பார்ப்பதற்கான அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் மதுரையில் இருக்கும் தாத்தா பாட்டி, அத்தை, மாமா பற்றியெல்லாம் கேட்பார்கள். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் சொந்தம் இருப்பது குற்றம் இல்லை, மறைத்தால்தான் வினை. அனுமதி கிடைக்காமல் போனால் ராணுவம் தன் தேவைக்கு ஏற்ப வேறு வேலைக்கு மாற்றிவிடும், ஒப்பந்தம் மட்டும் அப்படியே நிற்கும். ரிசர்வில், அதாவது தேவைப்பட்டால் அழைக்கப்படும் பட்டியலில், இருக்கும் காலமும் சேர்த்து மொத்தக் கடமை பொதுவாக 8 ஆண்டு.

அப்புறம், கல்லூரிப் பணம். 36 மாதம் முழுநேரப் பணி முடித்தால், 2001க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் என்ற படைவீரர் கல்வி உதவித் திட்டம் வழியாக 36 மாதப் படிப்புக்கு முழு உதவி உண்டு. முதலில் பட்டம், அதோடு ஆர்ஓடிசி என்ற கல்லூரி அதிகாரிப் பயிற்சித் திட்டம் வழியாக அதிகாரியாகச் சேர்வது என்ற பாதையும் இருக்கிறது. நான் முதலில் அதைத்தான் யோசிக்கச் சொல்வேன். ஆனால் அதில் உளவுக் கிளையே கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர் வாயால் சொன்னதெல்லாம் செல்லாது. வேலையின் எண்ணும் பயிற்சியும் ஒப்பந்தத் தாளில் அச்சாகியிருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், தம்பியையும் சேர்த்து உட்கார வைத்து வரி வரியாகப் பார்ப்போம்.